சகாயம்மாளும் நீலக் கவரும்

கேள்வி கேட்பதுதான் சகாயம்மாளின் பிழைப்பு. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு அதில் இறங்கியவள், பத்து வருஷமாக அதிலேயே இருந்தாள். ஒரு வருஷம் வீட்டுக்கு எத்தனை படி அரிசி என்று கேட்பாள், அடுத்த வருஷம் எத்தனை கோழி என்று கேட்பாள், அதற்கடுத்த வருஷம் குழந்தைக்கு எந்த மாதம் பால் மறக்கடித்தீர்கள் என்று கேட்பாள். சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் ஒரு ஆராய்ச்சிக்காரருக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டால், முதலில் சகாயம்மாளுக்குத்தான் கார்டு வரும். ஏழைகளைப் பற்றி எழுதியவர்கள் பதவி உயர்வு வாங்கினார்கள். கேட்டு எழுதிக்கொடுத்தவளுக்கு நாள்கூலியும் பஸ் காசும் கிடைத்தன.

கேட்பதில் அவள் கெட்டிக்காரி. நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் மாடு மேய்ப்பவர் பேரில் நிலம் இருந்தது, செத்துப்போன சித்தப்பா பேரில் இருந்தது, உயிரோடிருக்கும் மிராசுதார் பேரில் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட மிராசுதார் வீட்டு வாசலில் நின்று, "உரம் எத்தனை மூட்டைங்க வாங்கினீங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்பாள். மூட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போவதற்குள் ஏக்கர் கணக்கு இவளுக்குத் தெரிந்துவிடும்.

பிறந்தது திருவாரூருக்குக் கிழக்கே, ஓடம்போக்கி ஆற்றங்கரையில் இருக்கும் பூவத்தடி. அப்பா குழந்தைராஜ் பண்ணையாள், அம்மா அமலோற்பவம் நடவாள். ஆட்சி மாறிய அறுபத்தேழாம் வருஷம் சகாயம்மாளுக்கு மூன்று வயது. அந்தத் தை மாதம் பூவத்தடி ஆட்கள் அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். பண்ணை கால்படி கூட்டுவதாகச் சொன்னது. கால்படி வேண்டாம் என்று இவர்கள் வரப்பேறிவிட்டார்கள். ஒன்றரை மாதம் வேலை இல்லை. நண்டும் நத்தையும் ஆரைக்கீரையுமாக வயிறு கழிந்தது. கதிர் முற்றி வயலிலேயே கொட்டியது. பண்ணைக்கும் நட்டம், இவர்களுக்கும் பட்டினி. அடுத்த வருஷம் அரைப்படி கிடைத்தது என்று அமலோற்பவம் சொல்லும்போது குரலில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது. பல் விழுந்த கதையைச் சொல்வது போலச் சொல்வாள்.

பிறகு நாகப்பட்டினத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி, அரசாங்க உதவித்தொகை, கல்லூரி. பதினைந்து வயதில் அப்பா போய்விட்டார். கல்யாணம் இரண்டு முறை பேச்சளவில் வந்து நின்றுபோனது. முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு இருந்த சொத்து, அம்மா பேரில் ஒரு மனைப்பட்டா, ஒரு சைக்கிள், எட்டு ஆராய்ச்சிப் புத்தகங்களின் முன்னுரையில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்ற ஒற்றை வரி. அந்த வரியில்கூடப் பேர் கிடையாது.

தொண்ணூற்றேழாம் வருஷம் பேராசிரியர் தியாகேசன் வந்தார். திருவாரூர்க்காரர், சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார். அவர் குடும்பத்துக்கு ஒருகாலத்தில் ஆறு வேலி, அதாவது நாற்பது ஏக்கர் நிலம் இருந்ததாம். குத்தகைத் தகராறிலும் கோர்ட்டிலும் பாதி போய், மீதியை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்களாம். இதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். குரலை உயர்த்தமாட்டார், டீக்கடையில் தன் டம்ளரைத் தானே கொண்டுபோய் வைப்பார். சகாயம்மாளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவருடைய ஆராய்ச்சியில் கேள்வியே கிடையாது என்று கேட்டதும் அவளுக்குப் பகீரென்றது. மனிதர்களிடம் கேட்டால் நல்ல பதிலாகத்தான் சொல்வார்கள், கையில் பணத்தைக் கொடுத்து விளையாடவிட்டால்தான் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. விளையாட்டு எளிது. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை. முதல் அறையில் இருப்பவளிடம் பத்து பத்துரூபாய் நோட்டு தரப்படும். அதில் தனக்கு எவ்வளவு, அடுத்த அறையில் இருக்கும் முகம் தெரியாத ஒருத்திக்கு எவ்வளவு என்று பிரித்து, மற்றவளுடையதை நீலக் கவரில் போடவேண்டும். அடுத்த அறைக்காரி கவரைத் திறந்து பார்ப்பாள். சரி என்றால் இருவரும் அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று திருப்பிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரு காசு கிடையாது. யார் யாருக்கு அனுப்பியது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தன் லாபம் மட்டும் பார்க்கிற ஆளாக இருந்தால் ஒரு நோட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும், சும்மா போவதற்குப் பத்து ரூபாய் மேல் என்பது பாடப்புத்தகம். ஆனால் வெளிநாட்டுக் கல்லூரிகளில் விளையாடிப் பார்த்தபோது இரண்டு நோட்டு, மூன்று நோட்டு வந்த கவர்களைப் பலர் கோபத்தோடு திருப்பிவிட்டார்கள் என்று தியாகேசன் விளக்கினார். தஞ்சாவூர் நடவுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. நடவில் ஒருத்திக்கு ஒரு நாள் கூலி முப்பத்தைந்து ரூபாய் விற்ற காலம் அது. நூறு ரூபாய் பெரிய தொகை.

சகாயம்மாளை அவர் களப் பொறுப்பாளராகப் போட்டார். அது மட்டுமல்ல. இந்த ஆராய்ச்சி நல்ல பத்திரிகையில் வந்துவிட்டால் பெரிய திட்டம் ஒன்று கிடைக்கும், அதில் மூன்று வருஷத்துக்கு மாதச் சம்பளத்தில் ஆய்வு உதவியாளர் பதவி இருக்கிறது, அது உங்களுக்குத்தான் என்று சொன்னார். மாதச் சம்பளம் என்ற சொல்லைச் சகாயம்மாள் அன்று பஸ்ஸில் வரும்போது நாலைந்து தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், எட்டு ஊர்களில் விளையாட்டு நடந்தது. முதல் ஊர் பூவத்தடி. இருபத்துநான்கு பெண்கள் வந்தார்கள், எல்லோரும் ராசம்மாளின் நடவுக் கும்பல். ராசம்மாள் கும்பலுக்குத் தலைமை. ஐம்பது வயது, உரத்த குரல், ஏக்கருக்கு இவ்வளவு என்று மிராசுதாரிடம் மொத்தமாகப் பேசி முடிப்பவள். பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள், ஒருத்தி ஒரு நோட்டு போட்டாள், ஒருத்தி பத்தையும் போட்டாள், இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்ததைப் போட்டாள். அடுத்த அறையில் எது வந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். தியாகேசனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு நோட்டு வந்தவள்கூட முகம் சுளிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாளே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எட்டு ஊரும் முடிந்தபோது தொண்ணூற்றாறு ஜோடி ஆகியிருந்தது. ஒரு கவர்கூடத் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு நாளும் பொறுப்பாளர் ஒரு குறிப்பேடு எழுதவேண்டும். அதில் கடைசிக் கட்டம், 'வழக்கத்துக்கு மாறாக நடந்தவை'. எட்டு நாளும் சகாயம்மாள் அதில் 'ஒன்றுமில்லை' என்று நேர்மையாக எழுதினாள்.

ஜனவரியில் தியாகேசன் தன் கட்டுரையை அனுப்பிவைத்தார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டது, தஞ்சாவூரில் நடக்கும் கருத்தரங்கில் அதிகாரிகளுக்குக் கொடுக்கத் தமிழில் நாலு பக்கச் சுருக்கம் வேண்டும், எழுதித் தாருங்கள் என்று கடிதம். சகாயம்மாள் மேஜை விளக்கெல்லாம் இல்லாத வீட்டில், வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் கண் நின்றுவிட்டது.

தஞ்சாவூர் விவசாயக் கூலிப் பெண்கள் எவ்வளவு குறைந்த பங்கையும் மறுப்பின்றி ஏற்கிறார்கள், நியாயமான பங்கு என்ற உணர்வை வறுமை மழுங்கடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். அடுத்த வாக்கியம்தான் அவளைச் சுட்டது. ஆகவே அறுபதுகளில் இப்பகுதியில் நடந்த கூலிப் போராட்டங்கள் இம்மக்களின் சொந்த நியாய உணர்விலிருந்து எழுந்தவை அல்ல, வெளியார் தூண்டுதலால் நடந்தவை என்று கருத இடமுண்டு.

கருத இடமுண்டாம். கால்படியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நத்தை பொறுக்கிய அமலோற்பவம் நாலடி தள்ளி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சகாயம்மாளுக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் வந்தது குழப்பம். அவர் பொய் எழுதவில்லையே, தொண்ணூற்றாறு கவரில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பதை அவளே கண்ணால் பார்த்தாளே. பூவத்தடி ராசம்மாள் ஒரு நோட்டுக்குத் தலையாட்டுகிற ஆளா? அந்த நாளை மனசில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பெண்கள் வந்தார்கள், போட்டார்கள், வாங்கினார்கள், வெளியே போனார்கள், பூவரசு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அங்கே ராசம்மாள் முந்தானையை விரித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

நடவுக் கும்பலில் தனிக்காசு என்று ஒன்று கிடையாது. கும்பலாக எங்கே போனாலும், வந்ததை எல்லாம் ஒரு முந்தானையில் கொட்டி, தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பார்கள். வேகமாக நட்டவளுக்கும் அதே பங்கு, இடுப்பு வலி என்று பாதியில் வரப்பேறியவளுக்கும் அதே பங்கு. அன்றைக்கும் அப்படித்தான். பன்னிரண்டு ஜோடி, ஆயிரத்து இருநூறு ரூபாய். அந்த வாரம் பிரசவமான ரெத்தினத்துக்கும் ஒரு பங்கு வைத்து, இருபத்தைந்து பங்கு. ஆளுக்கு நாற்பத்தெட்டு. கவரில் ஒன்று வந்தாலென்ன, ஒன்பது வந்தாலென்ன, எல்லாம் அந்த முந்தானைக்குத்தான் போகும். திருப்பிக் கொடுத்தால்தான் நட்டம். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள், சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். அவர்கள் தியாகேசனின் விளையாட்டை ஆடவே இல்லை.

இதைச் சகாயம்மாள் பார்த்தாள். எட்டில் ஐந்து ஊரில் பார்த்தாள், மூன்றில் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. பார்த்தும் எழுதவில்லை. வழக்கத்துக்கு மாறாக நடந்ததைத்தானே எழுதச் சொன்னார்கள்? பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் அவளுக்கு எப்படி மாறாகத் தெரியும்? டெல்லியிலிருந்து ஒரு பெண்ணைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தால் முதல் நாளே கண்ணை அகல விரித்து இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். இந்த ஊர்க்காரி என்பதற்காகவே வேலை கிடைத்தவள், இந்த ஊர்க்காரி என்பதாலேயே அதைக் கோட்டைவிட்டாள்.

இரண்டு நாள் அவள் சுருக்கத்தை எழுதாமல் தள்ளிப்போட்டாள். சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு வெளிநாட்டில் நாற்பது பேர் அந்தக் கட்டுரையைப் படிப்பார்கள், பூவத்தடியில் ஒரு நெல் நாற்றும் அதனால் வாடாது. இவளுக்கு மாதச் சம்பளம் வரும். அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்கு இனி யாரையும் கேட்கவேண்டாம். சொன்னால் கட்டுரை போகும், திட்டம் போகும், குறிப்பேட்டில் கோட்டைவிட்டவள் என்ற பேர் நிற்கும். அதற்குப் பிறகு யார் கார்டு போடுவார்கள்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலை ரயிலில் அவள் சென்னைக்குப் போனாள். அந்த வாக்கியத்தைத் தன் கையால் தமிழில் எழுத அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தியாகேசன் முழுக்கக் கேட்டார். இது ஏன் குறிப்பேட்டில் இல்லை என்றார். தப்பு தன்னுடையதுதான் என்று சகாயம்மாள் ஒப்புக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நிஜமாகவே எல்லா ஊரிலும் பிரித்துக்கொண்டார்களா, நேரில் கேட்காமல் நான் நம்பமாட்டேன் என்று அந்த வாரமே பூவத்தடிக்கு வந்தார். களத்து மேட்டில் ராசம்மாளைப் பிடித்து, வெறும் பத்து ரூபாய் வந்த கவரையும் வாங்கிக்கொண்டார்களே, ஏன் என்று விசாரித்தார்.

"யாரு சார் பத்து ரூவா வாங்குனது?" என்றாள் ராசம்மாள். "ஆளுக்கு நாப்பத்தெட்டு வாங்குனோம்."

 திரும்பும்போது அவர் ஒரு வழி சொன்னார். கவர் அனுப்புகிறவர் ஒரு கும்பல், வாங்குகிறவர் தூரத்து ஊரின் வேறொரு கும்பல் என்று வைத்து மறுபடி நடத்தலாம். அப்போது அனுப்புகிறவர்கள் முந்தானை வேறு, வாங்குகிறவர்கள் முந்தானை வேறு. குறைந்து வந்தால் நிஜமாகவே குறைவுதான், அப்போது இவர்கள் மனசு தெரியும். கட்டுரையை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

"கையில மீதி இருக்கிற பணம், புதுத் திட்டம் வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒன்பது மாசம் சம்பளம் குடுக்க வச்சது, சகாயம்மாள்" என்றார். "திரும்ப நடத்தணும்னா அதுலேருந்துதான் எடுக்கணும். பத்திரிகையில தள்ளிப்போனா புதுத் திட்டமும் வராது. நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

முடிவைப் பிறர் தலையில் வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருப்பது படித்தவர்களின் சாமர்த்தியம். நடத்துவோம் என்று இவரே சொல்லியிருந்தால் பிற்பாடு இவரைத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும் என்று சகாயம்மாள் நினைத்தாள். நடத்துங்க சார் என்று சொல்லிவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் மயிலாடுதுறைப் பக்கத்து நடவுக் கும்பல் ஒன்றிடம் நோட்டுகளைக் கொடுத்து நீலக் கவர்களை வாங்கிக்கொண்டு, மதியம் பூவத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். கவர் யாரிடமிருந்து வருகிறது என்று தியாகேசன் பெண்களிடம் தெளிவாகச் சொன்னார். உங்கள் கும்பல் இல்லை, உங்களுக்குத் தெரியாத ஊர், அவர்களும் உங்களைப் போல நடவு நடுகிறவர்கள். பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை.

ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். சகாயம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தாள், தியாகேசன் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசலாம். வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா என்று கேட்கலாம். கண் ஜாடைகூடக் கூடாது. முதல் மூன்று கவரில் ஐந்தும் நாலும் ஐந்தும் வந்தன, மூன்று பேரும் வாங்கிக்கொண்டார்கள். நாலாவதாக ராமாயி வந்தாள்.

கும்பலிலேயே கையில் ஓட்டம் இல்லாதவள் ராமாயி. புருஷன் முருகையன் இரண்டு வருஷமாக நெஞ்சு நோயில் படுத்திருந்தார். வாரம் ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும், பஸ் காசு இல்லாத வாரம் போகமாட்டார்கள். அவள் கவரைப் பிரித்தாள். உள்ளே இரண்டு நோட்டு இருந்தது.

ராமாயி இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  மாதாவே, இவள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சகாயம்மாளின் மனசு வேண்டிக்கொண்டது. இவளும் வாங்கிக்கொண்டால், இவள் பின்னால் வருபவர்களும் வாங்கிக்கொண்டால், அந்த வாக்கியம் அப்படியே நிற்கும். சம்பளமும் போய், வேலையும் போய், அப்பா கிடந்த பட்டினிக்கு யாரோ தூண்டிவிட்டது என்று பேரும் நிலைத்துவிடும். அடுத்த நொடியே தன் வேண்டுதலின் லட்சணம் அவளுக்குப் புரிந்தது. சீக்காளிப் புருஷனை வைத்துக்கொண்டு பஸ் காசுக்கு அல்லாடுகிறவள், என் கட்சி ஜெயிப்பதற்காக இருபது ரூபாயை வேண்டாம் என்று சொல்லவேண்டும். இதைவிடக் கேவலமாகத் தன் வாழ்நாளில் அவள் எதையும் வேண்டியதில்லை. முகத்தில் சூடு ஏறியது. தலையைக் குனிந்துகொண்டு கேட்கவேண்டிய வாக்கியத்தை இன்னொரு முறை கேட்டாள்.

"வச்சுக்கிறேன்" என்றாள் ராமாயி. சத்தமே வரவில்லை.

அவள் வெளியே போனதும் சகாயம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது, கூடவே அப்பாடா என்றும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்லமுடியவில்லை. இரண்டு பேர் கழித்து ராசம்மாள் வந்து உட்கார்ந்தாள். கவரில் மூன்று. விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"ஏழு நோட்ட அவங்க வச்சுக்கிட்டு மூணு அனுப்பியிருக்காங்க. அவங்களும் நடுற ஜனம், நாங்களும் நடுற ஜனம். இது எனக்கும் வேணாம், அவங்களுக்கும் வேணாம்."

கவரை மடித்து, ஓரத்தை நகத்தால் நீவி, மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அதற்கப்புறம் வரிசையாக வந்தன. இரண்டு நோட்டு, திரும்பியது. ஒரு நோட்டு, திரும்பியது. மூன்று நோட்டு வந்த ஒருத்தி, இது என்ன பிச்சையா என்று கேட்டுவிட்டுப் போனாள். மூலையில் தியாகேசனின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தபோது மூன்றும் அதற்குக் குறைவாகவும் வந்த கவர் ஒன்பது. அதில் ஏழு திரும்பியிருந்தன. வாங்கிக்கொண்டவர்கள் இரண்டே பேர்.

வெளியே பூவரசு மரத்தடியில் ராசம்மாள் முந்தானையை விரித்திருந்தாள். இந்த முறை தியாகேசனும் போய் நின்றார். நோட்டுகள் விழுந்தன. திருப்பி அனுப்பியவர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ராமாயி தன் இரண்டு நோட்டையும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிவிட்டேன் என்று தலைகுனிந்து சொன்னாள். யாராவது முறைத்துப் பார்ப்பார்கள் என்று சகாயம்மாள் பயந்தாள்.

"அதுக்கென்ன இப்ப? போடு" என்றாள் ராசம்மாள். "நீ வாங்குன, நாங்க வேணாம்னோம். ரெண்டும் சேந்ததுதான் கும்பலு."

பிரித்தபோது எல்லோருக்கும் சமமாகத்தான் வந்தது. பிரித்து முடிந்தபின் ராசம்மாள் தன் பங்கிலிருந்து ஒரு நோட்டை ராமாயியின் கையில் திணித்தாள், முருகையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றாள். இதைத் தியாகேசன் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் எந்தக் கட்டத்தில் எழுதுவார், பாவம்.

மறுபடி நடத்திய மற்ற இரண்டு ஊர்களிலும் கிட்டத்தட்ட இப்படியே வந்தது. அவர் கட்டுரையைத் திரும்ப எழுதினார். பத்திரிகைக்காரர்கள் ஒன்றரை வருஷம் இழுத்தடித்தார்கள். அதற்குள் புதுத் திட்டம் வேறு யாருக்கோ போய்விட்டது, ஆய்வு உதவியாளர் பதவியும் அதோடு போயிற்று. தியாகேசன் மூன்று பக்கத்துக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். சகாயம்மாள் அதைப் படித்துவிட்டு அழுதாள். நேர்மையாக இருந்தோம் என்ற நிறைவெல்லாம் அப்போது அவளுக்கு இல்லை, சம்பளம் போன துக்கம்தான் இருந்தது. அம்மாவின் கண்ணுக்கு நாகூர்ப் பக்கம் நடந்த இலவச முகாமில் அறுவை செய்தார்கள். இவள் கடற்கரை ஊர்களில் இறால் பண்ணைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனாள். அதுவும் நாள்கூலிதான்.

தொண்ணூற்றொன்பது புரட்டாசியில் அச்சான கட்டுரை தபாலில் வந்தது. சகாயம்மாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கே போனாள். டீ நேரம், கும்பல் வரப்பில் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினாள். இம்மக்கள் எதையும் வாங்கிக்கொள்பவர்கள் அல்லர், அநியாயமான பங்கைத் தங்கள் நட்டத்திலும் மறுக்கிறார்கள், இந்த மண்ணின் கூலிப் போராட்டங்கள் அவர்களுடைய சொந்த நியாயத்திலிருந்தே எழுந்தவை என்று போட்டிருந்தது. ராசம்மாள், இதைச் சொல்ல வெளிநாட்டு மை வேண்டுமா என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ராமாயி மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்தாள். முருகையன் போன ஆடியில் இறந்துவிட்டார்.

"எங்க பேரெல்லாம் அதுல இருக்கா, சகாயம்?"

"யார் பேரும் இல்லக்கா. எத்தன பேருன்னு மட்டும்தான்."

"நான் வாங்குனது?"

சகாயம்மாள் தயங்கினாள். சொல்லாமல் மழுப்பிவிடலாம், ராமாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெரிந்தே மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"அது இருக்குக்கா. அந்த ஊர்ல ஒம்போதுல ரெண்டு பேரு வாங்கிக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு."

ராமாயி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் என்று கேட்டாள். சகாயம்மாள் அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். ராமாயி சேற்றுக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த இரண்டின்மேல் தன் விரலையும் ஒருதடவை வைத்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "அன்னைக்கு அந்த இருவதும் சேந்து வந்த பங்குலதான் அவர தஞ்சாவூருக்கு அழைச்சிட்டுப் போனேன். அதையும் எழுதுனாங்களே, அது போதும்."

பிறகு புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.